ஆற்றலின் வரவும் செலவும் சமமானால் வெப்பச் சமநிலை வந்துவிடுமா?

குண்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் பக்கத்துக் குண்டோடு ஒரு ஸ்பிரிங்கால் இணைத்துவிட்டு, முனையில் இருப்பதை இழுத்து விடுங்கள். ஆட்டம் அப்படியே சங்கிலி முழுக்கப் பரவும். சரி, அந்த ஆற்றல் எப்போது 'வெப்பம்' ஆகிறது? நீண்ட நேரச் சராசரி எடுத்தால் எல்லாக் குண்டுகளுக்கும் ஒரே அளவு இயக்க ஆற்றல் இருக்க வேண்டும், முதலில் எந்தக் குண்டை இழுத்தோம் என்ற சுவடே மிஞ்சக்கூடாது, சங்கிலிக்குள் எந்தப் பக்கமும் ஆற்றல் நிகரமாக ஓடக்கூடாது. அதுதான் வெப்பச் சமநிலை.

ஸ்பிரிங் விசையில் சின்னக் கோணல், அதாவது இழுத்த அளவுக்கு நேர் விகிதமாக இல்லாமல் ஒரு சிறு விலகல், இருந்தால் போதும், தனியாக விட்டாலும் சங்கிலி தானாகவே அங்கே போய்ச் சேரும் என்றுதான் இயற்பியலாளர்கள் நம்பினார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பெர்மி, பாஸ்டா, உலாம் ஆகிய மூன்று விஞ்ஞானிகளும் மேனியாக் என்ற ஆரம்பகாலக் கணினியில் இதைச் சோதித்தார்கள். நிரலாக்க வேலையைச் செய்தவர் மேரி சிங்கோ, ஆனால் வெகுகாலம் அவர் பெயரை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை, அது வருத்தம்தான். ஸ்பிரிங் விசையில் அந்தக் கோணலைச் சேர்த்து, ஆற்றலை ஒரே ஒரு அலைவடிவத்தில், அதாவது சங்கிலி முழுவதும் சேர்ந்து ஆடும் ஒரே ஒரு விதத்தில், கொடுத்தார்கள். அது சில வடிவங்களுக்குப் பிரிந்து போனது, அப்புறம் ஏறக்குறைய முழுவதும் பழைய வடிவத்துக்கே திரும்பி வந்தது! 1955இல் வந்த அந்த அறிக்கையைப் பற்றி இன்றுவரை ஆய்வு நடக்கிறது.

இப்போது உராய்வைச் சேர்ப்போம். உராய்வு மட்டும் இருந்தால் ஆட்டம் செத்துப்போகும். ஆனால் நிஜத்தில் உராய்வு தனியாக வருவதில்லை: குண்டின் வேகத்தைக் குறைக்கிற அதே காற்று மூலக்கூறுகள்தான் அதைத் தாறுமாறாகத் தட்டவும் செய்கின்றன. இழப்பு எவ்வளவோ அதற்கேற்ற அளவில் தட்டலும் இருக்கும், இரண்டையும் பிணைப்பது வெப்பநிலை. ஐன்ஸ்டைன் 1905இல் பிரவுனிய இயக்கத்தில், அதாவது திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களின் தாறுமாறான ஆட்டத்தில், கண்ட உறவு இதுதான். எனக்கு இயற்பியலிலேயே மிகப் பிடித்த விஷயமும் இதுதான். சங்கிலியின் இரு முனைகளையும் ஒரே வெப்பநிலையில் உள்ள இப்படிப்பட்ட சூழலில் வைத்தால், நடுவிலுள்ள குண்டுகளும் மெல்ல மெல்ல அந்த வெப்பநிலைக்கு வந்துவிடும், ஸ்பிரிங்கில் கோணலே தேவையில்லை.

ஆனால் ஒரு குண்டுக்கு உராய்வு, பக்கத்துக் குண்டுக்கு அதே அளவு 'எதிர் உராய்வு', அதாவது வேகம் கூடக்கூட இன்னும் தள்ளிவிடும் விசை, என்று வைத்தால்? கணக்கில் வரவும் செலவும் சமம். இரண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பு ரொம்பத் தளர்வாக இருந்தால், வந்த ஆற்றல் செலவாகும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். இணைப்பு போதுமானதாக இருந்தால் பெருகாது, அடங்கவும் அடங்காது. ஆற்றல் இரண்டுக்கும் இடையில் போய்வந்தபடி இருக்கும். 2011இல் மின்சுற்றுகளில் இதைச் செய்தே காட்டினார்கள். பார்க்க நிலையானது போலத் தெரிந்தாலும் இது வெப்பச் சமநிலை இல்லை. தொடக்கத்தில் எப்படித் தள்ளினோம் என்பது அந்த ஆட்டத்திலேயே பதிந்து கிடக்கிறது, ஆற்றலும் ஓயாமல் ஒரு குண்டில் நுழைந்து இன்னொன்றின் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கிறது.