சிங்கிள் மால்ட்: அது ‘ஒற்றைத் தானியம்’ அல்ல

பயணக் கட்டுரை ஒன்று மெய்ப்புப் பார்க்க வந்தது. ஸ்காட்லாந்தின் ஐலா தீவு, அங்கே விஸ்கி வடிக்கும் கில்ஹோமன் வடிசாலை, கட்டுரையாளர் கையில் ஒரு கிளாஸ். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ‘இளமையான ஒற்றைத் தானிய விஸ்கியைச் சுவைத்தேன்’ என்ற வரி வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சிங்கிள் மால்ட் என்ற விஸ்கி வகைக்கு இந்த மொழிபெயர்ப்பை எத்தனை தடவைதான் பார்ப்பது?

முதலில் மால்ட். உருகுதலைக் குறிக்கும் ‘மெல்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இது உறவு என்பார்கள். பார்லியை ஊறவைத்து, பரப்பி, முளைவிட்டதும் சூடுகாட்டி உலர்த்தினால் மால்ட். முளைக்கும்போது ஊறும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் அதைச் சாராயமாக்கும். கேழ்வரகை ஊறவைத்துத் துணியில் முடிந்து, வால் எட்டிப் பார்த்ததும் உலர்த்தி, வறுத்து அரைக்கும் வீடுகளில் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘முளைகட்டிய பார்லி’ என்றால் யாருக்கும் புரியும். ‘மாவூறல்’ என்றும் ஒரு சொல்லாக்கம் இருக்கிறது. எனக்கு அது இட்லிமாவைத்தான் நினைவூட்டுகிறது. ராகி மால்ட் குடித்து வளர்ந்தவர்களுக்கு மால்ட் என்றே எழுதினாலும் குற்றமில்லை.

சிக்கல் ‘சிங்கிள்’ என்பதில். அது தானியத்தை எண்ணவில்லை, ஆலையை எண்ணுகிறது. பிரிட்டனின் 2009ஆம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கி விதிகளின்படி, ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, பானை வடிவ வடிகலங்களில் தொகுதி தொகுதியாக வடித்தது சிங்கிள் மால்ட். ஒரே பீப்பாயாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கில்ஹோமனின் ‘மாக்கிர் பே’ என்ற விஸ்கியில், முன்பு பூர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய்ச் சரக்கும், ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாய்ச் சரக்கும் கலந்திருக்கும். இரண்டும் அந்த ஆலையில் வடித்தவை, அதனால் அது சிங்கிள்.

‘ஒற்றைத் தானியம்’ என்று எழுதினால் இன்னொரு வம்பும் சேரும். அதே விதிகளில் ‘சிங்கிள் கிரெய்ன்’ என்று தனி வகை இருக்கிறது. கிரெய்ன் என்றால் தானியம். ஆனால் அதில் முளைகட்டிய பார்லியோடு பெரும்பாலும் கோதுமையோ மக்காச்சோளமோ சேர்ந்திருக்கும்! அங்கேயும் ‘சிங்கிள்’ ஆலையைத்தான் சொல்கிறது. நம் மொழிபெயர்ப்பாளரிடம் அது வந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பார்? அதுவும் ஒற்றைத் தானியமா? ஒரு சொல்லை அகராதியில் பார்த்தால் போதாது, பக்கத்தில் இருக்கும் சொல்லையும் பார்க்க வேண்டும். 2003இல் கார்டூ விஸ்கியை, வேறு ஆலைகளின் மால்ட்டும் கலந்து, ‘சிங்கிள்’ என்பதைப் ‘ப்யூர்’ என்று மாற்றி, ஏறக்குறைய அதே புட்டியில் விற்றார்கள். பெரிய சண்டையாகிப் பின்வாங்க வேண்டிவந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த ஒரு சொல் அவ்வளவு முக்கியம்.

தனித்தமிழ் அன்பர்கள் ‘ஒற்றைத் தேறல்’ என்கிறார்கள். தேறல் அழகான சொல்தான், எனக்கும் பிடிக்கும். மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறல் சங்கப் பாட்டிலேயே வருகிறது. ஆனால் அது புளித்துத் தெளிந்த கள். தெளிந்ததால் தேறல். கொதிக்கவைத்து ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது வேறு வேலை. பழைய சொல் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கள்ளையும் விஸ்கியையும் ஒரே குடத்தில் ஊற்றக் கூடாது. அதோடு, ‘ஒற்றைத் தேறல்’ என்றால் ஒரு பெக் என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் எழுதுவது ‘ஓராலை மால்ட்’. ஓர் ஆலை, ஓராலை. கரும்பாலை, நூலாலை மாதிரி நாக்கில் உட்காருகிறது. ‘ஒருவடிசாலை மால்ட்’ என்றும் எழுதிப் பார்த்தேன், மூச்சு வாங்குகிறது. விஸ்கியை விஸ்கி என்றே விட்டுவிடலாம். ஸ்காட்லாந்தின் பழைய கேலிக் மொழியில் ‘உயிர்நீர்’ என்ற பொருளுள்ள சொல்லின் முதல் பாதி தேய்ந்து வந்தது அது. உயிர் போய் நீர்தான் மிச்சம்.

அந்தக் கட்டுரைக்குத் திரும்பினால், சுவைக் குறிப்பு இன்னும் மோசம். ‘மூக்கு: எலுமிச்சை, புகை. முடிவு: நீளமானது.’ மூக்கு அல்ல ஐயா, வாசனை. முடிவு அல்ல, விழுங்கிய பிறகு தொண்டையில் நிற்கும் சுவை. ‘நாக்கில் நிற்கிறது’ என்று தினமும் காப்பிக்குச் சொல்கிறோமே! ‘நிலக்கரிப் புகையில் வாட்டிய பார்லி’ என்று வேறு. அது பீட். சதுப்பில் பாதி மக்கிய செடிகொடி, வெட்டிக் காயவைத்து எரிப்பது. அதில் நிலக்கரியைப் போட்டால் ரயில் எஞ்சின் வாசனை அல்லவா வரும்?

‘இளமையான’ என்பதையும் மாற்றினேன். விஸ்கிக்கு வயது பீப்பாயில் இருக்கும்வரைதான், புட்டியில் ஏறாது. ஸ்காட்ச் என்று பெயர் வாங்கவே ஓக் பீப்பாயில் 3 வருடம் கிடக்க வேண்டும். கில்ஹோமன் 2005இல் வடிக்கத் தொடங்கி, முதல் விஸ்கியை 2009இல் வெளியிட்டது. வெளிர்மஞ்சள் நிறம், முதல் வாயில் புகை முந்தும், நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் எலுமிச்சை மேலே வரும். இதற்கு ‘முதிராத’ என்றால் குறை சொன்ன மாதிரி. ‘இளம்’ போதும்.

அப்புறம் ‘இஸ்லே’ என்று இருந்த இடமெல்லாம் ‘ஐலா’ ஆக்கி, ஒற்றைத் தானியத்தை அடித்து ‘ஓராலை மால்ட்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பினேன். நேற்று இதழ் வந்தது. கால் ஒடிந்து, ‘ஓரலை மால்ட்’ என்று அச்சாகியிருக்கிறது.