ஆன்டிபயாடிக்: கோழிக் கொட்டகையில் இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பல்லடம், நாமக்கல் பக்கத்துக் கோழிக் கொட்டகைகளில் "தண்ணியில மருந்து விட்டாச்சா?" என்று கேட்டால், கேட்பவர் குளோரினைச் சொல்கிறாரா, வைட்டமினையா, தடுப்பு மருந்தையா, ஆன்டிபயாடிக்கையா என்று தெரியாது. நான்கையும் கலக்குவது ஒரே தொட்டியில்தான், போவதும் கோழி கொத்திக் குடிக்கும் முனைகள் கொண்ட ஒரே நிப்பிள் குழாயில்தான். ஆனால் ஒன்றுக்கு ஒன்று ஒத்துவராது. குளோரின் போட்ட தண்ணீரில் வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்தைக் கலந்தால் அதிலுள்ள உயிருள்ள வைரஸ் கோழியின் வாய்க்குப் போகும் முன்பே செத்துவிடும். அதனால்தான் தடுப்பு மருந்து கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பே குளோரினை நிறுத்தி, மிச்சமிருப்பதை முறிக்க லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கரைக்கிறார்கள். எல்லாவற்றையும் 'மருந்து' என்று சொல்லிப் பழகிய வேலையாளுக்கு இது எப்படிப் புரியும்?

ஆன்டிபயாடிக் என்பதன் வேர் கிரேக்கம்: 'ஆன்டி' எதிர், 'பயோஸ்' உயிர். ஓர் உயிர் இன்னோர் உயிரை அழிப்பதைக் குறிக்க, 1889இல் பிரான்சின் பால் வுய்மெ 'ஆன்டிபயோஸ்' என்று எழுதினார். அது உறவைச் சொன்ன சொல், மருந்தைச் சொன்னதல்ல. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மன்தான் அதைப் பொருளின் பெயராக்கினார். ஒரு நுண்ணுயிர் சுரந்து இன்னொரு நுண்ணுயிரை ஒடுக்கும் பொருள் என்பது அவர் வைத்த பொருள். அந்த வரையறையைக் கறாராகப் பிடித்தால், ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்ட சல்ஃபா மருந்துகளும், கோழிப்பண்ணைகளில் புழங்கும் என்ரோஃப்ளாக்சசினும் ஆன்டிபயாடிக்கே அல்ல. இன்று யாரும் அவ்வளவு கறார் பார்ப்பதில்லை.

தமிழில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. 'எதிருயிரி' சொல்லுக்குச் சொல் நேராக வந்தது, ஆனால் அது ஏதோ ஓர் உயிரினத்தின் பெயர் போல ஒலிக்கிறது. இதுவோ வெறும் பொருள். 'நுண்ணுயிர்க்கொல்லி' கேட்கத் தெளிவாக இருந்தாலும் பாதிதான் உண்மை. பெனிசிலின் வகை பாக்டீரியாவைக் கொல்லும். டெட்ராசைக்ளின் வகை பெரும்பாலும் பெருக விடாமல் தடுத்து வைக்கும், மிச்ச வேலையைக் கோழியின் எதிர்ப்பு சக்தி பார்க்க வேண்டும். அதனால் 'நுண்ணுயிர் எதிர்ப்பி' மேல். அதிலும் ஒரு குறை உண்டு: நுண்ணுயிர் என்றால் வைரஸும் சேரும், இந்த மருந்தோ வைரஸைத் தொடாது. கொட்டகையில் பேசும்போது 'பாக்டீரியா எதிர்ப்பி' என்று சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும் என்பது எங்கள் கருத்து.

ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது, குஞ்சுகளைத் தாக்கும் கம்போரோ நோயும் அப்படியே. இரத்தக்கழிச்சலுக்குக் காரணம் ஐமீரியா என்ற ஓரணு ஒட்டுண்ணி. மூன்றிலும் என்ரோஃப்ளாக்சசின் மூல நோயைத் தொடாது, பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஈ.கோலை பாக்டீரியாவைத்தான் பிடிக்கும். நாள்பட்ட சளியில் வேறு சிக்கல். அதற்குக் காரணமான மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் செல்சுவரே கிடையாது, எனவே செல்சுவரைத் தாக்கும் அமாக்சிசிலின் அங்கே பயனற்றது. டைலோசின், டாக்சிசைக்ளின் போன்றவைதான் அங்கே எடுபடும். செத்த கோழியை அறுத்துப் பார்க்காமல், கால்நடை மருத்துவர் எழுதாமல் பாட்டிலைத் திறப்பது குருட்டுச் சூதாட்டம்.

அளவிலும் சொல் ஏமாற்றுகிறது. 'லிட்டருக்கு இத்தனை மில்லி' என்று பழகிவிட்டோம். கணக்கு கோழியின் எடையிலிருந்து தொடங்க வேண்டும். உதாரணத்துக்கு, 1.5 கிலோ எடையில் 5,000 கோழிகள் என்றால் மொத்தம் 7,500 கிலோ. கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு 75 கிராம் மருந்து, அதாவது 10 சதவீதக் கரைசலில் 750 மில்லி. இதை அந்தக் கூட்டம் உண்மையில் குடிக்கும் தண்ணீரில் கலக்க வேண்டும். சித்திரை வெயிலில் கோழி தண்ணீரை அள்ளிக் குடிக்கும். லிட்டர் கணக்கில் போட்டால் மருந்து கூடிவிடும். மார்கழியில் அதே கணக்கு மருந்தைக் குறைத்துவிடும். நோயுற்ற கோழி குறைவாகத்தான் குடிக்கும் என்பது தனி. சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் டெட்ராசைக்ளின் வகை கால்சியத்தோடு பிணைந்து, உடலில் சேராமல் எச்சத்தோடு போய்விடும். மூன்றாம் நாள் இறப்பு குறைந்ததும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அடங்காமல் தப்பிய பாக்டீரியாவே அப்போது மிஞ்சிப் பெருகும்.

அப்படித் தப்பிய பாக்டீரியாவின் தன்மைக்குத் தமிழில் பெயரிடும்போதும் கவனம் வேண்டும். 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்று எழுதினால் எதிர்ப்பது மருந்தா, நுண்ணுயிரா என்று தெரியவில்லை. மருந்துக்கு மசியாத தன்மையை 'மருந்தெதிர்ப்பு' என்பதே தெளிவு.

வளர்ச்சி ஊக்கி என்ற பெயரில் ஆன்டிபயாடிக் தீவனத்துக்குள் நுழைந்த கதை சுருக்கமானது. வைட்டமின் பி12 தேடிய அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டாக்ஸ்டாடும் ஜூக்ஸும் ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தயாரிப்பில் மிஞ்சிய கழிவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள், குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. 1950இல் செய்தி வெளியானது. நோயில்லாத கோழிக்கும் தினம் சிறிது கொடுக்கும் பழக்கம் அப்படித்தான் பரவியது. ஐரோப்பிய ஒன்றியம் இதை 2006இல் முற்றாக நிறுத்தியது. மனிதருக்குக் கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தருவதை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது.

இன்னொரு சொல்லையும் பிரித்து வைக்க வேண்டும்: 'கிருமிநாசினி'. கிருமி வடமொழியில் புழு. கழுத்தில் புழு வைத்தவன் என்று வைணவ மரபு சொல்லும் 'கிருமிகண்ட சோழன்' பெயரில் இருப்பதும் அந்தப் பொருள்தான். கொட்டகைத் தரை, சுவர், செருப்பு, குழாய் ஆகியவற்றுக்கானது கிருமிநாசினி, கோழியின் உடலுக்கானது அல்ல. 'தொற்றுநீக்கி' என்ற சொல் இதைவிடப் பொருத்தம். எச்சமும் சேறும் மேலே படிந்திருந்தால் குளோரின் அவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். அதனால் தரையில் பரப்பிய உமிக் கூளத்தை அள்ளி, சோப்பு நீரில் கழுவி, காயவிட்ட பிறகே தெளிக்க வேண்டும். வாசலில் வைத்த கால் நனைக்கும் தொட்டி கலங்கிப்போனால் அது வெறும் சேற்றுத் தண்ணீர். தினமும் மாற்ற வேண்டும். குடிநீருக்கு 1,000 லிட்டரில் 33 சதவீதப் பிளீச்சிங் பவுடர் 6 கிராம் போட்டால் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) குளோரின் கிடைக்கும். அளந்து பார்க்க வேண்டிய இடம் தொட்டியல்ல, கடைசி நிப்பிள்.

கூளத்தைச் சோதிக்க கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிடி உமியை இறுக்கிப் பிடித்துத் திறந்தால், உருண்டை அப்படியே நின்றால் ஈரம் அதிகம், அம்மோனியா கிளம்பி மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்கும், சளிக்கு வழி திறக்கும். பிடியே நிற்காமல் உதிர்ந்தால் தூசி பறக்கும். லேசாக ஒட்டி, விரல் விட்டதும் வெடித்து விழுந்தால் சரி. ஈரம் கூடிய இடத்தில் உமியைக் கிளறிவிட்டு, ஒழுகும் நிப்பிளைச் சரிசெய்தாலே பல பேட்ச்களில் சளி மருந்து தேவைப்படாது.

கடைசியாக 'வித்ட்ராயல் பீரியட்'. தமிழில் 'மருந்து விலக்குக் காலம்'. கடைசி வேளை மருந்துக்கும் அறுப்புக்கும் இடையே விட வேண்டிய நாட்கள், மருந்துக்கு மருந்து மாறும், லேபிளில் இருக்கும். பிராய்லரை 35 முதல் 42 நாளில் பிடிக்கிறோம் என்பதால் 33ஆம் நாள் சளி கண்டால் கை நடுங்கும். முட்டைக் கோழியில் இன்னும் கடினம், அது தினமும் முட்டை இடுகிறது. விலக்குக் காலம் முடியும் வரை அந்த முட்டைகள் தட்டில் ஏறக்கூடாது.