செருப்பு போட்டுக்கொண்டு மாவாட்டும் வீடுகள்

"எங்க வீட்ல கிரைண்டர் ஓடும்போது எல்லாரும் செருப்பு போட்டுக்கணும் டீச்சர். இல்லன்னா தொட்டதும் சுர்ருன்னு இழுக்கும்."

ஒன்பதாம் வகுப்பில் மின்காந்தவியல் பாடம் ஆரம்பித்த அன்று ஒரு பெண் இதைச் சொன்னாள். உங்கள் வீட்டில் காந்தம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று கேட்டிருந்தேன். ஃப்ரிட்ஜ் கதவு, ஸ்பீக்கர், மின்விசிறி, காலிங் பெல் என்று பதில்கள் வந்துகொண்டிருந்தன. கிரைண்டர் மோட்டார் என்று ஒரு பையன் சொன்னதும் இவள் எழுந்து இதைச் சொன்னாள். பின்னால் இருந்து இன்னொருவன், "எங்க வீட்ல சாக்கு விரிச்சு அது மேல நிப்பாங்க டீச்சர்" என்றான். வாஷிங் மெஷினைத் தொடுமுன் புறங்கையால் தட்டிப் பார்க்கும் வீடு ஒன்றும் இருந்தது. யார் முகத்திலும் பயம் இல்லை. அடுப்பு சுடும் என்பதைச் சொல்வதுபோல இயல்பாகச் சொன்னார்கள். எனக்குத்தான் அடிவயிறு கலங்கிப் போனது.

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். இந்தப் பாடத்தை நிறைய வருடங்கள் நடத்தியிருக்கிறேன். ஓயர்ஸ்டெட் சோதனை, வலக்கைப் பெருவிரல் விதி, ஃபிளமிங்கின் இடக்கை விதி எல்லாம் பிள்ளைகளுக்கு நன்றாக வரும். ஆனால் அந்தப் பாடத்தின் அடிப்படையில் வேலை செய்து உயிரைக் காக்கும் கருவி ஒன்று வீட்டு மெயின் போர்டிலேயே இருக்கலாம். அதைக் கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. அன்றிலிருந்து இந்தப் பாடத்தை மெயின் போர்டில் கொண்டுபோய்த்தான் முடிக்கிறேன்.

1820 ஏப்ரலில், கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓயர்ஸ்டெட் ஒரு விரிவுரையின்போது மின்னோட்டம் பாயும் கம்பியின் பக்கத்தில் இருந்த திசைகாட்டி ஊசி அசைவதைக் கண்டார். அதே ஆண்டு ஜூலையில் அதை வெளியிட்டார். செப்டம்பருக்குள் பாரிஸில் ஆம்பியர் அடுத்த படிக்குப் போய்விட்டார்: இரண்டு கம்பிகளில் மின்னோட்டம் ஒரே திசையில் போனால் அவை ஒன்றையொன்று ஈர்க்கும், எதிரெதிராகப் போனால் விலக்கும்.

இந்தச் சோதனையைச் செய்துகாட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். கம்பியைத் திசைகாட்டிக்கு மேலே வடக்கு தெற்காகத்தான் பிடிக்க வேண்டும். கிழக்கு மேற்காகப் பிடித்தால் கம்பியின் காந்தப்புலம் ஊசி ஏற்கெனவே நிற்கும் கோட்டிலேயே விழும். ஊசி அசையாமல் இருக்கும், அல்லது ஒரேயடியாகத் தலைகீழாகத் திரும்பும். "சோதனை வரல" என்று பல வகுப்புகளில் மூட்டை கட்டி வைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் 1 செ.மீ. தூரத்தில் காந்தப்புலம் 20 மைக்ரோடெஸ்லா. தமிழ்நாட்டில் பூமியின் கிடைத்தளக் காந்தப்புலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. ஆக, ஊசி சுமார் 27 டிகிரி திரும்ப வேண்டும். கோணமானி வைத்து அளந்து பார்க்கும்போது பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

அடுத்துதான் எனக்கு முக்கியமான பகுதி. போகும் கம்பியையும் திரும்பி வரும் கம்பியையும் ஒன்றாக முறுக்கி, திசைகாட்டியைச் சுற்றிப் பத்துச் சுற்று சுற்றுகிறேன். சுருளின் தளம் வடக்கு தெற்காக இருக்க வேண்டும். இரண்டு டார்ச் பல்புகளைப் பக்க இணைப்பில் வைத்து, இரண்டு 1.5 வோல்ட் செல்லில் எரிய விடுகிறேன். பல்புகள் பளிச்சென்று எரிகின்றன, ஊசி மட்டும் ஆடாமல் நிற்கிறது. போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் சமம், திசை மட்டும் எதிர். அதனால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றொன்று அழித்துவிடுகிறது. இப்போது ஒரு பல்பின் திரும்பும் கம்பியை மட்டும் சுருளுக்குள் விடாமல், வெளியே தனிக் கம்பியாகச் செல்லுக்குக் கொண்டுவருகிறேன். பல்பு முன்போலவே எரிகிறது, ஆனால் ஊசி சட்டென்று திரும்பிவிடுகிறது. போன அளவு அதே வழியில் திரும்பி வரவில்லை, வேறு வழியில் கொஞ்சம் போய்விட்டது என்று ஊசி நமக்குச் சொல்கிறது.

வீட்டில் அந்த "வேறு வழி" பெரும்பாலும் ஒரு மனித உடம்பு.

மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற மெயின் போர்டு கருவிக்குள் நடப்பது இதுவேதான். நம் ஊரில் பலரும் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்பார்கள். ஃபேஸ் என்ற போகும் கம்பியும் நியூட்ரல் என்ற திரும்பி வரும் கம்பியும் ஒரே காந்த வளையத்தின் வழியாகப் போகின்றன. போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை வளையத்தில் காந்தப்பாயம் இல்லை. எங்காவது கசிந்து பூமிக்குப் போனால் சமநிலை கெடுகிறது, வளையத்தில் மாறும் காந்தப்பாயம் உண்டாகிறது, அதில் சுற்றியிருக்கும் மூன்றாவது சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது, அது விசையைத் தட்டிவிடுகிறது. ஓயர்ஸ்டெட்டின் 1820, மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று ஃபாரடே கண்ட 1831 இரண்டும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் சேர்ந்து வேலை செய்கின்றன. கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்க வயர்மேன்கள் வைத்திருக்கும் டாங் டெஸ்டரும் இந்த வகைதான். ஒரு கம்பியை மட்டும் கவ்வினால் ஆம்பியர் காட்டும். இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம் காட்டும். சேர்த்துக் கவ்வியும் பூஜ்யம் வரவில்லையென்றால் எங்கோ கசிகிறது. சாதாரண டாங் டெஸ்டரில் சின்னக் கசிவு தெரியாது, அதற்கென்றே நுட்பமாக அளக்கும் வகை இருக்கிறது.

"எங்க வீட்ல பிரேக்கர் இருக்கு, அதுவே ஆஃப் ஆயிடும்" என்று தைரியமாக இருப்பவர்கள் நிறைய. அவர்கள் சொல்வது, மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் எம்.சி.பி.யை. அதற்குள்ளும் நம் பாடம்தான் இருக்கிறது. ஷார்ட் சர்க்யூட் ஆகி மின்னோட்டம் எகிறினால் உள்ளே இருக்கும் வரிச்சுருள் மின்காந்தமாகி விசையை இழுக்கும். ஓவர்லோடு ஆனால் ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்து தட்டிவிடும். ஆனால் அது காப்பது வயரை. மனிதரை அல்ல. ஈரக் கையோடு இருக்கும் உடம்பின் மின்தடையை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் 0.23 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை. இன்னும் ஒரு பல்பு எரிவதுபோலத்தான். நம் இதயத்துக்கோ அதில் பாதியே, ஒன்றிரண்டு நொடி நீடித்தால் தாளம் குலைந்து நின்றுபோகப் போதும். அதனால்தான் மனித உயிரைக் காக்க 30 மில்லி ஆம்பியரில் தட்டிவிடும் ஆர்.சி.சி.பி. போடச் சொல்கிறார்கள். கருவியின் முகத்தில் 30 மில்லி ஆம்பியர் என்றோ 0.03 ஆம்பியர் என்றோ அச்சிட்டிருக்கும். 100, 300 என்று இருந்தால் அது தீ விபத்தைத் தடுக்க உதவும், கை பட்டவரைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

அந்தப் பெண்ணின் வீட்டுக் கிரைண்டருக்கு வருவோம். மோட்டார் சுருளின் காப்பு, ஈரத்திலும் வயதிலும் நைந்து போகும். மின்சாரம் இரும்பு உடம்புக்கு ஏறும். மூன்று பின் பிளக்கின் பெரிய பின் அதைப் பூமிக்குக் கடத்தத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை வீடுகளில் அந்தப் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பாயின்ட்டில் செருகியிருக்கிறார்கள்! மூன்று துளை இருந்தும் சுவருக்குள் எர்த் வயரே போடாத பாயின்ட்களும் உண்டு. செருப்பு செய்வது, கால் வழியே பூமிக்குப் போகும் பாதையை அடைப்பது மட்டும்தான். மாவாட்டும் இடம் ஈரம். செருப்பு நனையும். ஒரு கை கிரைண்டரில் இருக்க, மற்றொரு கை குழாயைத் திறக்கும். அப்போது பாதை மார்புக்குக் குறுக்கே திறந்துவிடும்.

எர்த் சரியாக இருந்தால் மட்டும் போதுமா என்று பத்தாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஓம் விதியைக் கரும்பலகையில் போட்டே பதில் சொன்னேன். கோடையில் மண் காய்ந்து எர்த் குழியின் தடை 40 ஓமுக்கு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 230ஐ 40ஆல் வகுத்தால் 6 ஆம்பியர்கூட வராது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. கசிவு ஓடிக்கொண்டே இருக்கும், இரும்பு உடம்பும் மின்னோடு நிற்கும். அதே வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால், கிரைண்டரை யாரும் தொடும் முன்பே அந்தக் கசிவைக் கண்டு தட்டிவிடும். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை, இரண்டும் வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் ஆர்.சி.சி.பி. காத்திருக்கும், ஒருவர் தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கசிந்த பிறகுதான் தட்டும். ஷாக் அடிக்கும், ஆனால் பெரும்பாலும் உயிர் போகுமுன் துண்டித்துவிடும். பெரிய கசிவில் அதற்கு ஒரு நொடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம்தான் அனுமதி.

அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்துக்கொண்டு பலகை மேல் நிற்பவரை ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது. போனது அப்படியே திரும்பி வருகிறது அல்லவா, அதன் கண்ணுக்கு அவரும் ஒரு பல்புதான். ஓவர்லோடையும் ஷார்ட்டையும் அது பார்க்காது, பக்கத்தில் எம்.சி.பி. இருந்தே ஆக வேண்டும்.

பிள்ளைகளுக்கு நான் தரும் வீட்டுப்பாடம் ஒன்று உண்டு. பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெயின் போர்டில் 'T' என்று போட்ட சின்னப் பட்டனைத் தேடுங்கள். இருந்தால் பெரியவரை அழுத்தச் சொல்லுங்கள். நடந்ததை எழுதி வாருங்கள். அது உள்ளுக்குள்ளேயே ஒரு சின்னக் கசிவை உண்டாக்கிக் கருவி விழித்திருக்கிறதா என்று பார்க்கும் பட்டன்.

வந்த பதில்களைப் படிக்கும்போது மனது கனத்துப்போகும். பல வீடுகளில் அந்தக் கருவியே இல்லை. இருந்த ஒரு வீட்டில் பட்டனை எவ்வளவு அழுத்தியும் கரண்ட் போகவில்லை. கருவி எப்போதோ செத்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு வீட்டில் இன்வெர்ட்டர் வைத்த பிறகு அடிக்கடி டிரிப் ஆகிறது என்று சொன்னதற்கு, வேலை பார்க்க வந்தவர் ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு டைரக்டாக இணைத்துக் கொடுத்திருக்கிறார். இது பரவலாக நடக்கிறது. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் வீட்டு லைனின் நியூட்ரலும் கலந்துவிட்டால், ஒரு வழியில் போன மின்னோட்டம் மற்றொரு வழியில் திரும்பும், ஆர்.சி.சி.பி. அதைக் கசிவு என்றே எடுத்துக்கொள்ளும். அதற்கு வைத்தியம் நியூட்ரல்களைப் பிரிப்பது. காவலாளியை வேலையை விட்டு நிறுத்துவது அல்ல. கரண்ட் இல்லாத நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓடும் பாயின்ட்களுக்குத் தனி ஆர்.சி.சி.பி. வேண்டுமா என்பதையும் உரிமம் பெற்ற வயர்மேனிடம் கேளுங்கள்.

நடுவில் இன்னொன்று. மின்காந்தம் செய்யப் பிள்ளைகளுக்கு ஆசை அதிகம். ஆணியில் எனாமல் கம்பியைச் சுற்றி, முனைகளில் எனாமலைச் சுரண்டி, சாதாரண டார்ச் செல்லில் தொட்டுத் தொட்டு எடுத்தால் போதும், குண்டூசிகள் ஒட்டும். ஒரு கண்காட்சிக்கு முந்தைய நாள் ஒரு பையன் பழைய பவர் பேங்கைப் பிரித்து அதிலிருந்த லித்தியம் செல்லைக் கொண்டுவந்து இணைத்துவிட்டான். கம்பி கண்முன்னே சிவந்து, எனாமல் கருகிப் புகைந்தது, இரண்டு விரல்களில் கொப்புளம். செல் வெடிக்கவில்லை, அது அவனுடைய நல்ல நேரம். அந்தச் செல்களின் உள்தடை மிகக் குறைவு. ஷார்ட் செய்தால் பத்துக்கணக்கான ஆம்பியர் பாயும். வீட்டு 230 வோல்ட்டில் ஒருபோதும் முயலக் கூடாது என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அது மாறுதிசை மின்னோட்டம், நொடிக்கு 50 சுழற்சி, திசைகாட்டி ஊசி அதற்கு அசையக்கூட அசையாது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, போவதற்கு உயிர் இருக்கிறது.

செருப்பு போட்டு மாவாட்டிய அந்த வீட்டுக்கு நானே போனேன். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் அன்றே கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன். மறுநாள் வயர்மேன் வந்து பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது எர்த்துக்கான பச்சை வயர் எதிலும் மாட்டாமல் சுருட்டி உள்ளே விடப்பட்டிருந்தது. எர்த் கொடுத்து, மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்து, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டார்கள். ஏறக்குறைய ஒரு சீலிங் ஃபேன் வாங்கும் காசுதான் ஆனது.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அந்த அம்மா எல்லோரும் போகும்வரை நின்று, "டீச்சர், மாசா மாசம் அந்தப் பட்டனை அமுக்கச் சொல்லி இவ நச்சரிக்கிறா. அமுக்கி அமுக்கி ஃப்ரிட்ஜ் கெட்டுப்போயிடாதா?" என்று கேட்டார்.

"கெடாதும்மா. ஒரு நிமிஷம் கரண்ட் போய் வந்த மாதிரிதான். அமுக்குறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் ஏதாச்சும் ஓடுனா மட்டும் நிறுத்திடுங்க. அமுக்கியும் கரண்ட் போகலன்னா அன்னிக்கே வயர்மேனைக் கூப்பிடுங்க."