பாரிஸிலிருந்து லண்டனுக்கு ரயில்: டிக்கெட் போடும் முன் விசாவைப் பாருங்கள்

"பாரிஸிலிருந்து லண்டனுக்கு ரயிலில் இரண்டே கால் மணி நேரம்தானாமே சார்? ஒரு ராத்திரி தங்கிட்டுத் திரும்பி வந்து, பாரிஸ்லயே சென்னை ஃப்ளைட் பிடிச்சிடலாம்." டிக்கெட் போட இப்படித் திட்டத்தோடு வருபவர்களிடம் முதலில் பாஸ்போர்ட்டைத்தான் வாங்கிப் பார்ப்பேன். பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் ஸ்டிக்கரில் எத்தனை முறை உள்ளே வரலாம் என்று காட்டும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் 01 (ஒரு முறை), 02 (இரண்டு முறை), மல்ட் (பல முறை) என்ற மூன்றில் ஒன்று இருக்கும். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. அதனால் 01 என்றால், லண்டனுக்குக் கிளம்பியதோடு அந்த விசா தீர்ந்தது. இன்னும் பத்து நாள் பாக்கி இருந்தாலும் திரும்ப நுழைய முடியாது.

இதில் சிக்கல், போகும்போது யாரும் தடுக்க மாட்டார்கள். பிரிட்டிஷ் விசா தனியாகக் கையில் இருந்தால் லண்டனில் ஜாலியாகச் சுற்றலாம். திரும்பும்போது லண்டனின் செயின்ட் பான்க்ரஸ் நிலையத்திலேயே பிரெஞ்சு போலீஸ் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள். அங்கேதான் நிற்க வேண்டி வரும். பாரிஸ் ஃப்ளைட் டிக்கெட் வீண். லண்டனிலிருந்து அவசரத்துக்கு எடுக்கும் டிக்கெட்டின் விலையைச் சொல்லவே வேண்டாம்.

ரயிலின் பெயரும் ஆளைக் குழப்பும். லண்டன் ரயிலின் பெயர் யூரோஸ்டார். பாரிஸ்-பிரஸ்ஸல்ஸ் வழியில் ஓடிய தாலிஸ் ரயில்களும் 2023-இல் அதே பெயருக்கு மாறிவிட்டன. பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் இப்போது பிரஸ்ஸல்ஸ் ரயிலும் யூரோஸ்டார், லண்டன் ரயிலும் யூரோஸ்டார். பிரஸ்ஸல்ஸுக்கு நேரே நடைமேடைக்குப் போய் ஏறலாம், சுமார் 1 மணி 22 நிமிடம். பிரான்ஸ், பெல்ஜியம் இரண்டு நாடும் ஷெங்கன் என்பதால் 01 விசாவே போதும். நடுவில் போலீஸ் சோதனை வரலாம். பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். லண்டன் ரயிலுக்கோ நிலையத்தின் மாடிக்கு ஏற வேண்டும். பிரெஞ்சு போலீஸ், அடுத்த கவுண்டரில் பிரிட்டிஷ் அதிகாரி, பிறகு பெட்டி ஸ்கேன். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் படமும் பதியும் முறை தொடங்கியிருப்பதால் வரிசை நீளலாம். ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். ரயில் கிளம்ப அரை மணிக்கு முன்பே கேட்டை மூடிவிடுவார்கள்.

என்ன வழி? பிரிட்டிஷ் விசாவை முதலில் வாங்கி, அதைக் காட்டி ஷெங்கனுக்கு மல்டிபிள் என்ட்ரி கேட்கலாம். கேட்டால் தருவார்கள் என்று உத்தரவாதம் இல்லை. 01-தான் கிடைத்ததா, லண்டனைப் பயணத்தின் முதலிலோ கடைசியிலோ வையுங்கள். பாரிஸில் இறங்கி, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஏறி வீடு திரும்பினால் பிரச்சினையே இல்லை. நான் பெரும்பாலும் போட்டுத் தருவது இதைத்தான்.

பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் இருக்கும் நம் சொந்தக்காரர்களும் கூட வருவதென்றால் அவர்கள் கணக்கு வேறு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு 2025 ஏப்ரல் 2 முதல் பிரிட்டனின் இ.டி.ஏ. முன் அனுமதி வேண்டும். அடையாள அட்டை செல்லாது, பாஸ்போர்ட்தான். இலங்கைப் பாஸ்போர்ட்டோ அகதிப் பயண ஆவணமோ வைத்திருப்பவர்களுக்குப் பிரிட்டிஷ் விசாவே தேவை. ஆனால் செல்லுபடியாகும் பிரெஞ்சு வதிவிட அட்டை இருந்தால் பாரிஸ் திரும்ப விசா வேண்டாம்.

இன்னொன்று, லண்டனில் மட்டன் ரோல்ஸ், பால்கோவா வாங்கினால் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பிரிட்டனிலிருந்து இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது.