உயிர்ப்பெருக்கம் அன்று, உடல்தேக்கம்

கொச்சிக்கு அப்பால் 2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் எரிஎண்ணெயோடு மூழ்கியது முதல், கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்துக் கொல்லங்கோட்டிலும் நீரோடியிலும் எங்கள் காதில் ஓயாமல் விழும் சொல் ‘உயிர்ப்பெருக்கம்’. எண்ணெயிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் என்னும் வேதிப்பொருள்கள் மீன், சிப்பி, மிதவையுயிரிகள் ஆகியவற்றின் உடலில் சேர்வதைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். கடற்கரைக் கூட்டமொன்றில் இதைக் கேட்ட பெரியவர் ஒருவர், “எண்ணெய் கலந்தா மீன் பெருகுமா மக்களே?” என்று வினவினார். மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை; தமிழ் அறிந்தவர் எவருக்கும் அச்சொல் இனப்பெருக்கம் என்றே ஒலிக்கும்.

ஆங்கிலத்தில் இதைப் ‘பயோஅக்குமுலேஷன்’ என்பர். ‘பயோஸ்’ கிரேக்கத்தில் உயிர்வாழ்வு. ‘குமுலுஸ்’ இலத்தீனில் குவியல்.

பெருக்கம் என்பது ‘பயோமேக்னிஃபிகேஷன்’ என்னும் வேறொரு நிகழ்வுக்கு உரியது. உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்ல நஞ்சின் செறிவு கூடுவதே அது. பூச்சிக்கொல்லியான டி.டி.டி.யும் மீத்தைல் பாதரசமும் அப்படிக் கூடுகின்றன. எண்ணெயிலுள்ள பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்களோ பொதுவாக அவ்வாறு கூடுவதில்லை. மீனின் கல்லீரல் நொதிகள் அவற்றை உருமாற்றிப் பித்தநீர் வழியே வெளியேற்றிவிடுகின்றன. நீரை வடிகட்டி உண்ணும் சிப்பிக்கு அந்தத் திறன் மிகக் குறைவு என்பதால், அதன் கொழுப்பில் அவை தங்கிவிடுகின்றன. கடல்மாசை அறியச் சிப்பிகளைக் கண்காணிக்கலாம் என்று 1975இல் அமெரிக்கக் கடல்வேதியியலாளர் எட்வர்டு கோல்ட்பெர்க் முன்மொழிந்ததற்கும் இத்தகைய இயல்பே அடிப்படை. ஆகவே, ஹைட்ரோகார்பனைப் பற்றிப் பேசும்போது ‘பெருக்கம்’ என்பது ஒலியால் மட்டுமின்றிப் பொருளாலும் பிழை; அறிவியலைப் படிக்காமல் அகராதியை மட்டும் புரட்டும் மொழிபெயர்ப்பாளரால் நேரும் பிழை.

‘உயிரிக்குவிப்பு’ என்பாரும் உளர். குவித்தல் ஒருவர் கருதிச் செய்யும் வினை. சிப்பி எதையும் குவிப்பதில்லை. ‘உயிரிச் சஞ்சயனம்’ என்றும் ஒரு துண்டறிக்கையில் கண்டேன். எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் சஞ்சயனம் என்றால் சுடலையில் எலும்பு பொறுக்குவதாயிற்றே!

உட்செல்வது மிகுந்து வெளியேறுவது குறையும்போது நிகழ்வது தேக்கம். நீர் தேங்கிக் கிடக்கும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் (ஏ.வி.எம்.) கால்வாயின் கரையில் வாழும் எங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இறாலைப் போன்ற நுண்ணிய மிதவையுயிரிகளான கோப்பிபாடுகள் உணவோடு எண்ணெய்த் துளிகளையும் விழுங்குகின்றன. ஒரு பகுதி கழிவோடு வெளியேற, எஞ்சியது உடலில் தேங்குகிறது. ‘திசுத்தேக்கம்’ என்று சொல்லலாமே எனின், ஒருசெல் மிதவையுயிரிக்குத் திசு ஏது? எனவே ‘உடல்தேக்கம்’ என்பதே என் தேர்வு. புணர்ச்சி விதிப்படி அது ‘உடற்றேக்கம்’ ஆகும் என்று புலவர்கள் திருத்துவார்கள். விதி சரியே, ஆனால் அந்தப் பெரியவர் மீண்டும் எழுந்து பொருள் கேட்பார் என்பதால், நான் விகாரமின்றியே எழுதுகிறேன்.