பழைய காரின் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றலாமா? அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது

அமெரிக்காவில் 1970களின், 80களின் பழைய காரை வாங்கி ஓட்ட வேண்டும் என்ற ஆசை நம்மவர்களில் பலருக்கு இருக்கிறது. வாங்கிய கையோடு பானட்டைத் திறந்தால், கார்புரேட்டரைச் சுற்றி மெல்லிய ரப்பர் குழாய்கள் பின்னிக் கிடக்கும். எதற்கு என்றே தெரியாத வால்வுகள், ஒரு கறுப்புக் குடுவை, பெல்ட்டில் சுழலும் ஒரு காற்றுப் பம்பு. அப்போது பக்கத்தில் நிற்பவர் யாராவது சொல்வார்: "இதெல்லாம் வேண்டாத சாமான். கழற்றிப் போட்டால் வண்டி பறக்கும். இந்த வயசு வண்டிக்குப் புகை டெஸ்ட்டே கிடையாது, யார் கேட்கப் போகிறார்கள்?"

இந்தப் பேச்சை நம்பி மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். புகைச் சோதனையிலிருந்து விலக்கு என்பது வேறு, கருவியைக் கழற்ற அனுமதி என்பது வேறு. முதலாவது பல மாநிலங்களில் பழைய வண்டிகளுக்கு உண்டு. இரண்டாவது, வண்டிக்கு எத்தனை வயதானாலும், கிடையாது.

கழற்றுவதைத் தடுப்பது தூய காற்றுச் சட்டத்தின் 203ஆவது பிரிவு. இது கூட்டாட்சிச் சட்டம், எல்லா மாநிலங்களுக்கும் பொது. அரசின் புகை விதிகளுக்கு ஏற்ப வண்டியில் பொருத்தப்பட்ட எந்தக் கருவியையும், எந்த வடிவமைப்பு அம்சத்தையும் தெரிந்தே கழற்றுவதோ செயலிழக்கச் செய்வதோ குற்றம் என்கிறது அது. கருவியை இடத்திலேயே விட்டுவிட்டுக் குழாயை மட்டும் அடைத்து வைப்பதும் செயலிழக்கச் செய்வதுதான். அந்தக் கருவியைச் சுற்றிக்கொண்டு போவதற்கென்றே செய்யப்பட்ட பாகத்தைத் தயாரிப்பது, விற்பது, பொருத்துவது ஆகியவையும் இதே பிரிவில் தனியாகத் தடை செய்யப்பட்டிருக்கின்றன. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருந்த இடத்தில் வெறும் குழாயை வைத்துப் பற்றவைப்பது இதற்கு நேரடி உதாரணம்.

"சொந்தக்காரன் தன் வண்டியில் என்ன செய்தாலும் சட்டம் தொடாது" என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. ஒரு காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. 1970ல் இந்தத் தடை தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. 1977ல் பழுதுபார்க்கும் கடைகளும், பல வண்டிகளை வைத்து ஓட்டும் நிறுவனங்களும் சேர்ந்தன. 1990 திருத்தத்தில்தான் தனிநபர் உட்பட எல்லோரும் இதற்குள் வந்தார்கள். ஆகவே 1990க்கு முன் கேட்ட அறிவுரையை இப்போது பின்பற்ற முடியாது.

அபராதம் எவ்வளவு? சட்டத்தில் முதலில் எழுதியிருந்த உச்சவரம்பு தனிநபருக்கு 2,500 டாலர், தயாரிப்பாளருக்கும் விற்பனையாளருக்கும் 25,000 டாலர். பணவீக்கத்துக்கு ஏற்ப அவ்வப்போது உயர்த்தப்பட்டதில் இன்று இரண்டுமே இரட்டிப்பைத் தாண்டிவிட்டன. ஒரு வண்டியைக் குறிவைத்துக் கூட்டாட்சி அதிகாரிகள் வீட்டு வாசலுக்கு வருவது அபூர்வம்தான். அவர்களின் பார்வை பெரும்பாலும் கடைகள் மீதும், இந்தப் பாகங்களைச் செய்து விற்கிறவர்கள் மீதும்தான் இருக்கும். ஆனால் ஒழுங்கான மெக்கானிக் யாரும் உங்களுக்காக இந்த வேலையைத் தொடமாட்டார் என்பதற்கு அந்த அபராதமே காரணம்.

சரி, பழுது பார்க்கும்போது கழற்றினால்? அதற்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது. அந்தக் கருவியைச் சரிசெய்யவோ மாற்றவோ கழற்றலாம். வேறொரு பாகத்தை எட்டுவதற்காகத் தற்காலிகமாகக் கழற்றி, வேலை முடிந்ததும் திரும்ப மாட்டி, அது சரியாக இயங்கினால் அதுவும் குற்றமில்லை.

ஒவ்வொன்றும் எதற்கு இருக்கிறது

சட்டத்தை விட்டுவிடுவோம். கழற்றினால் வண்டி உண்மையிலேயே பறக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்த ஆசைக்கு அடிப்படையே அந்த நம்பிக்கைதான்.

1970களில் அமெரிக்க எஞ்சின்களின் குதிரைத்திறன் சட்டென்று விழுந்தது உண்மை. பழி முழுவதையும் இந்தக் குழாய்கள் மீது போடுவது சரியில்லை. ஈயமில்லாத, ஆக்டேன் குறைந்த பெட்ரோலுக்குத் தயாராவதற்காக 1971 வாக்கிலேயே நிறுவனங்கள் அழுத்த விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவை எவ்வளவு இறுக்கப்படுகிறது என்பதைக் குறைத்தன; அதனால் பலமும் குறைந்தது. அப்புறம், 1972 வாக்கில் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறியது. அதுவரை துணைக்கருவிகள் எதுவும் இல்லாத வெற்று எஞ்சினைச் சோதனை மேடையில் ஓட்டி அளந்தார்கள். பிறகு வண்டியில் இருப்பதுபோல் சைலன்சர், ஃபில்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் மாட்டி அளந்தார்கள். எனவே எண் குறைந்ததில் ஒரு பகுதி காகிதத்தில் மட்டும் நடந்தது. பிஸ்டனிலும் சிலிண்டர் ஹெட்டிலும் குறைத்து வைத்த அழுத்தம், ஒரு வால்வைக் கழற்றுவதால் திரும்பி வந்துவிடாது.

இருப்பதில் மிகப் பழையது பி.சி.வி. வால்வு. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவை முன்பெல்லாம் ஒரு குழாய் வழியாகச் சாலையில் விட்டுவிடுவார்கள். இந்த வால்வு அதை மறுபடியும் எஞ்சினுக்குள் இழுத்து எரிக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டத்துக்குத் தீர்வாகக் கலிஃபோர்னியாவில்தான் 1960களின் தொடக்கத்தில் இது முதலில் வந்தது. இதைக் கழற்றி வாயை அடைத்தால் அடிப்பகுதியில் அழுத்தம் ஏறும், சீல்கள் வழியே ஆயில் கசியும், ஆயில் சீக்கிரமே சேறாகும். இதனால் கிடைக்கும் லாபம் எதுவும் இல்லை.

கறுப்புக் குடுவைக்குள் இருப்பது கரி. டாங்கிலிருந்து எழும் பெட்ரோல் ஆவியை அது பிடித்து வைத்து, எஞ்சின் ஓடும்போது எரிக்கக் கொடுக்கும். 1971 வாக்கில் நாடு முழுவதும் வந்தது. எடுத்துவிட்டால் கராஜ் முழுக்கப் பெட்ரோல் வாடை வீசும். வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் தீ ஆபத்தும் சேரும்.

அதிகமாகக் கழற்றப்படுவது இ.ஜி.ஆர். வால்வு. 1973 வாக்கிலிருந்து பரவலாக வந்தது. எரிந்து முடிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப சிலிண்டருக்குள் அனுப்புகிறது. அந்தப் புகை மீண்டும் எரியாது, வெப்பத்தை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் எரியும்போது உச்ச வெப்பம் குறைகிறது, நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாவதும் குறைகிறது. ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதிக்கும்போது பெரும்பாலான எஞ்சின்களில் இந்த வால்வு தானாகவே மூடிக்கொள்ளும். ஆகவே "முழுப் பலத்தை இது தின்கிறது" என்பதற்கு ஆதாரமில்லை. மாறாக, அந்த எஞ்சினின் பற்றவைப்பு நேரமே இ.ஜி.ஆர். இருக்கும் என்ற கணக்கில் வைக்கப்பட்டது. அடைத்துவிட்டால் மிதமான வேகத்தில் உள்ளே டக் டக் என்று தட்டும் சத்தம் வரும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் போகும். வண்டி திணறுவதால் வால்வைக் கழற்றினேன் என்கிறவர்களின் வண்டியில் பெரும்பாலும் நடந்திருப்பது, கரி படிந்து வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டதுதான். அதைச் சுத்தம் செய்தாலே போதும்.

கேட்டலிடிக் கன்வர்ட்டர் 1975 மாடல்களில் பெருமளவில் வந்தது. உள்ளே சிறு உருண்டைகளை நிரப்பிய தொடக்ககாலத்துக் கன்வர்ட்டர்கள் புகையின் ஓட்டத்தைக் கொஞ்சம் தடுத்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று கிடைக்கும் மாற்றுக் கன்வர்ட்டர்கள் தேன்கூட்டு அமைப்பில் வருகின்றன, தடை மிகக் குறைவு. பழையது அடைத்துவிட்டது என்றால் அங்கீகாரம் பெற்ற புதியதை மாட்டுவதுதான் நேர்வழி, சட்டமும் அதை அனுமதிக்கிறது.

மாநிலங்கள், முக்கியமாகக் கலிஃபோர்னியா

சோதனை விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃப்ளோரிடா 2000ஆம் ஆண்டிலேயே புகைச் சோதனையை நிறுத்திவிட்டது. டெக்சஸில் சில கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் போன்றவை) மட்டும், 24 வயது வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குச் சோதனை இருக்கிறது. இங்கெல்லாம் பழைய வண்டியை யாரும் சோதிக்கமாட்டார்கள், ஆனாலும் மேலே சொன்ன 203ஆவது பிரிவு அங்கேயும் பொருந்தும்.

கலிஃபோர்னியாதான் கடுமையானது. அங்கே 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல் பெட்ரோல் வண்டிகளுக்கு ஸ்மாக் செக் எனப்படும் அந்த மாநிலத்தின் புகைச் சோதனை கிடையாது. 1976லிருந்து வந்தவற்றுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்டு. ஒருகாலத்தில் 30 வயது தாண்டிய வண்டிகள் ஆண்டுதோறும் விலக்குக்குள் வந்துகொண்டிருந்தன. அந்த ஏற்பாட்டை மாற்றி விலக்கை 1975லேயே நிறுத்திவிட்டார்கள். 35 வயது தாண்டிய சேகரிப்பு வண்டிகளுக்கு முழு விலக்குக் கேட்டு 2025ல் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை. விலக்கு பெற்ற 1975 மற்றும் அதற்கு முந்தைய வண்டியிலும், தொழிற்சாலையில் பொருத்திய கருவிகள் அப்படியே இருக்க வேண்டும் என்கிறது அந்த மாநிலத்தின் வாகனச் சட்டம், பிரிவு 27156.

1976 முதல் 1999 வரையிலான வண்டிகளுக்கு ஸ்மாக் செக் என்றால் புகைக்குழாயில் கருவியை விட்டுப் பார்ப்பது மட்டுமல்ல. பானட்டைத் திறந்து ஒவ்வொரு கருவியும் இருக்கிறதா, குழாய்கள் சரியாக இணைந்திருக்கின்றனவா என்றும் கண்ணால் பார்ப்பார்கள். புகை எவ்வளவு சுத்தமாக வந்தாலும், ஒரு கருவி இல்லையென்றால் வண்டி தோல்விதான். "என் வண்டி நல்ல நம்பர் காட்டுகிறதே" என்ற வாதம் அங்கே எடுபடாது.

செயல்திறனைக் கூட்டும் வேறு பாகங்களை மாட்ட விரும்புகிறவர்களுக்கு ஒரு முறையான வழி இருக்கிறது. கலிஃபோர்னியா காற்றுவள வாரியம், புகையைக் கூட்டாது என்று நிரூபிக்கப்பட்ட பாகங்களுக்கு நிர்வாக ஆணை எண் ஒன்றைக் கொடுக்கிறது. அந்த எண் உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் பொருந்துகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். எஞ்சினையே மாற்றுவதும் முடியும். புது எஞ்சின் வண்டியின் மாடல் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும், அதற்குரிய புகைக் கருவிகள் எல்லாமும் கூடவே வர வேண்டும். பிறகு ஸ்மாக் செக் ரெஃபரியிடம், அதாவது இப்படிப்பட்ட சிக்கலான வண்டிகளைப் பார்த்து முடிவு சொல்லும் நடுவரிடம், காட்டி ஸ்டிக்கர் வாங்க வேண்டும்.

பழைய வண்டிக்காரர்களின் உண்மையான தலைவலி, பாகம் கிடைக்காததுதான். நிறுவனமே அந்த வால்வைச் செய்வதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். இதற்கும் ரெஃபரி அலுவலகத்தில் உதவி உண்டு. பாகத்தைத் தேடித் தருவார்கள். எங்குமே கிடைக்கவில்லை என்று உறுதியானால், அந்த ஒரு பாகத்துக்கு மட்டும் விலக்குச் சான்று தரவும் இடமிருக்கிறது. இந்த வசதி இருப்பது தெரியாமலேயே பலர் கழற்றி எறிகிறார்கள், அது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

பணம்தான் சிக்கல் என்றால், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு மாநிலம் பழுதுச் செலவில் உதவுகிறது. ஸ்மாக் செக்கில் தோற்ற 1976 முதல் 1995 வரையிலான வண்டிக்கு 1,100 டாலர் வரை, 1996லிருந்து வந்ததற்கு 1,450 டாலர் வரை கிடைக்கும். விண்ணப்பிக்கும் முன் அன்றைய தொகையையும் வரம்பையும் வாகனப் பழுதுபார்ப்புத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். கருவிகளில் கை வைத்ததால் தோற்ற வண்டிக்கு இந்த உதவி கிடையாது.

இன்னும் வாங்கவில்லை, வாங்கப் போகிறேன் என்றால் பானட்டின் உட்புறத்தில் ஒரு ஸ்டிக்கர் தேடுங்கள். அந்த எஞ்சினில் என்னென்ன கருவிகள் இருக்க வேண்டும் என்பது அதில் இருக்கும், பல வண்டிகளில் குழாய்களின் வரைபடமும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். முந்தையவர் கழற்றிய பாகங்கள் பெட்டியில் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவற்றின் மதிப்பு பின்னால்தான் தெரியும். கலிஃபோர்னியாவில் சோதனைக்கு உட்பட்ட பழைய வண்டியை விற்கும்போது, 90 நாட்களுக்குள் எடுத்த ஸ்மாக் சான்றிதழைத் தருவது விற்பவரின் கடமை. "இருக்கிறபடியே விற்கிறேன்" என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அந்தக் கடமை அவரை விட்டுப் போகாது. சான்றிதழ் கைக்கு வரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.