காந்தம் ஏன் தீர்ந்துபோவதில்லை?

குடியாத்தத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு காந்தங்களுக்கிடையே மெய்நிகர் ஃபோட்டான்கள் ஓயாமல் பறப்பதால்தான் ஈர்ப்பு ஏற்படுகிறது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படியென்றால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் காந்தம் ஒருநாள் தீர்ந்துபோகாதா? அது முன்புபோல் பிடிப்பதும் இல்லை."

தீர்ந்துபோகாது. ஆனால் கேள்வி கூர்மையானது. (ஃபோட்டான் என்றால் ஒளித்துகள்; 'மெய்நிகர்' என்பதன் பொருளுக்குப் பிறகு வருகிறேன்.) காணொளி காட்டிய சித்திரத்தின் ஓட்டையை அது சரியாகத் தொட்டுவிட்டது.

முதலில் காந்தப்புலக் கோடுகள். தாளின்மேல் தூவிய இரும்புத்தூள் கோடுகோடாக நிற்பதைப் பார்த்து, புலமே நூல்களால் ஆனது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஒவ்வொரு துகளும் தானே குட்டிக் காந்தமாகி, தலையும் வாலுமாக அடுத்ததோடு ஒட்டிக்கொள்வதாலும், அருகருகே உள்ள சங்கிலிகள் ஒன்றையொன்று விலக்குவதாலும்தான் இடைவெளி தோன்றுகிறது. தூளை மறுபடி தூவினால் கோடுகள் வேறிடத்தில் விழும். ஜவ்வாது மலை ஏறும் யாரும் வரைபடத்திலுள்ள சம உயரக் கோடு தடுக்கி விழுந்ததில்லை, புலக்கோடும் அப்படிப்பட்டதே.

அடுத்தது, மெய்நிகர் துகள்களால் விசை பிறப்பதை விளக்க வழக்கமாகச் சொல்லப்படும் பந்து உவமை. பாலாற்றில் தண்ணீர் ஓடுவதாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு பரிசல்களில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பந்து எறிந்தால் பரிசல்கள் விலகும் என்பதால், விலக்கு விசைக்கு இந்த உவமை அழகாகப் பொருந்துகிறது. ஈர்ப்புக்கு எப்படி எறிவது? பரிசல் அங்கேயே கவிழ்கிறது.

மெய்நிகர் துகள் என்பது என்ன என்பதைச் சொல்ல எனக்குப் பிடித்த வழி வெல்லம் பங்கிடுவது. ஓர் அச்சு வெல்லத்தை மூவருக்குப் பிரிக்க வேண்டும். எதையும் பத்தாக மட்டுமே வெட்டத் தெரியும். ஆளுக்கு மூன்று துண்டு போக ஒன்று மிஞ்சும், அதையும் பத்தாக்கி ஆளுக்கு மூன்று, மிஞ்சியதை மறுபடியும். 0.3, 0.03, 0.003 என்று கூட்டிக்கொண்டே போனால் மூன்றில் ஒரு பங்கை வேண்டிய அளவு நெருங்கலாம். ஆனால் அந்த 0.003 என்ற துண்டு, ஒருவரின் பங்கில் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்பதில் பொருளில்லை. வேறு விதமாக வெட்டியிருந்தால் அது பிறந்தே இருக்காது.

எலெக்ட்ரானுக்கும் மின்காந்தப் புலத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும் சமன்பாட்டை ஒரே மூச்சில் தீர்க்க முடியாததால், இயற்பியலாளர்களும் இப்படித் துண்டு துண்டாகவே கணக்கிடுகிறார்கள். துண்டுகளைக் குறிக்க ஃபைன்மன் வகுத்த படங்களில், உள்ளேயே தொடங்கி உள்ளேயே முடியும் கோட்டின் பெயர்தான் மெய்நிகர் துகள். எலெக்ட்ரானே ஒரு குட்டிக் காந்தம். எலெக்ட்ரானுக்காக டிராக் என்ற இயற்பியலாளர் 1928இல் தந்த சமன்பாட்டின்படி வரும் காந்த வலிமையை 1 என்று கொண்டால், முதல் திருத்தம் ஒரே படம்; 1948இல் ஷ்விங்கர் கண்ட அதன் மதிப்பு 0.0011614. அடுத்த படியில் ஏழு படங்கள் சேர்ந்து 0.0000018ஐக் கழிக்கின்றன. அதற்கடுத்த படிகளில் 72, 891, 12,672 என்று படங்கள் பெருகுகின்றன. முதலிரண்டு திருத்தங்களோடு நிறுத்தினாலே 1.0011596 கிடைக்கிறது, ஆய்வகத்தில் அளந்தது 1.00115965. இதில் என்னை மயக்குவது வேறொன்று: கணக்குப் போடும் முறையை மாற்றினால் தனித்தனிப் படங்களின் மதிப்பு மாறிவிடும், கூட்டுத்தொகை மட்டும் அசையாது. பறக்கும் பொருளாக இருந்தால் அது நம் கணக்கு முறைக்கேற்ப மாறுமா?

மெய்நிகர் துகள் வெற்றிடத்திலிருந்து ஆற்றலைக் கடன் வாங்குகிறது என்பதும் தவறே. அந்தப் படங்களின் ஒவ்வொரு சந்திப்பிலும் ஆற்றலும் உந்தமும் பைசா பிசகாமல் நேராகின்றன. வெற்றிடம் வட்டிக்கடை அன்று. அந்த இல்லாத ஆற்றலைக் கைக்கு இறக்குவதாகச் சொல்லிக் காந்த வளையல் விற்பவர்களிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கதவில் அசையாமல் ஒட்டியிருக்கும் காந்தம் எதையும் நகர்த்தவில்லை; ஆகவே அது வேலை செய்யவுமில்லை, எதையும் செலவழிக்கவுமில்லை. கடும் வெப்பம், பலத்த அடி போன்றவை உள்ளிருக்கும் குட்டிக் காந்தங்களின் ஒழுங்கைக் கலைத்தால்தான் அது வலுவிழக்கும். தூய இரும்பு 770 டிகிரி செல்சியஸில் காந்தத்தன்மையை இழக்கிறது. மாணவியின் வீட்டுக் காந்தம் வழுக்குவதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் அதன் அடிப்பக்கம்: புலம் தொலைவோடு விரைந்து குறைவதால், மடித்துச் செருகிய இரண்டு மின்கட்டண ரசீதுகளின் தடிமனே அதன் பிடியைத் தளர்த்தப் போதும்.